வம்புப்பேச்சு என்று தள்ளப்பட்ட ஆவணம்

ஃப்ளோரா நுவாபாவின் 'எஃபுரு' 1966இல் ஹைனமன் பதிப்பகத்தின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் வெளியானது. நைஜீரியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அயல்நாட்டில் அச்சேறிய முதல் நாவலாக அது கருதப்படுகிறது. வெளிவந்த காலத்தில் விமர்சகர் சிலர் அதன்மீது வைத்த குறை இன்றும் வெவ்வேறு சொற்களில் உலவுகிறது: கதை குறைவு, ஊர்ப்பேச்சும் வழக்காற்றுக் குறிப்புகளும் மிகுதி.

இக்குறை நேர்மையானதன்று. தமிழில் 'சிதைவுகள்' எனப் பெயர்பெற்ற சினுவா அச்செபேயின் நாவலிலும் கோலாக்கொட்டை உடைத்தல், சேனைவள்ளித் திருவிழா, மற்போர் எனச் சடங்குகள் நிரம்பியுள்ளன. அங்கே அவை ஒரு நாகரிகத்தின் சாட்சியம். நுவாபாவின் ஊராகிய ஓகுட்டாவில் பெண்கள் சந்தையில் பேரம் பேசுவதும், கடனைத் திரும்பக் கேட்பதும், அணிந்து புறப்படுவதும் மட்டும் ஏன் வெறும் தகவல்களாகிவிடுகின்றன? பழி அச்செபேயினுடையதன்று, 'எஃபுரு'வின் கைப்பிரதியைப் படித்துப் பதிப்பகத்துக்கு அனுப்ப உதவியவரே அவர்தாம். பழி வாசிப்பின் அளவுகோலுக்கு உரியது.

இக்போ மக்களின் வாரம் நான்கு சந்தை நாள்களாலானது. அவற்றுள் ஓரியே நாளில் ஏரித்தெய்வமான உஹாமிரியின் அடியாள் சேனைவள்ளி உண்ணலாகாது, கணவனோடு கூடலாகாது, இரவில் வெள்ளாடை உடுத்தியே துயில வேண்டும். ஆடை இங்கே அலங்காரமன்று. ஒரு பெண்ணின் உடல் அந்த இரவில் கணவனுக்கு உரியதன்று என்று ஊரறிய வகுத்த விதி அது. இதனை 'உடை வருணனை' என்று கடந்து செல்பவர் நாவலின் மையத்தையே கடந்து செல்கிறார்.

இன்னொரு கண்டனம், பெண்ணுறுப்புச் சிதைப்பை நுவாபா கண்டிக்காமல் பதிவுசெய்தார் என்பது. ஓகுட்டாப் பெண்கள் அதனைக் 'குளியல்' என்றே குறிக்கிறார்கள். நாவலும் அச்சொல்லையே ஆள்கிறது. வலியை மறைக்கும் இடக்கரடக்கலை ஆசிரியர் திருத்தவில்லை, வலியை மறைக்கவுமில்லை. குளியாதவளின் குழந்தை தங்காது என்பது அப்பெண்கள் கூறும் காரணம். எஃபுரு குளிக்கிறாள், பின்னும் அவளுடைய ஒரே குழந்தை இறக்கிறது. இதற்குமேல் எத்தகைய கண்டனத்தை எதிர்பார்க்கிறார்கள்?

மொழியாய்விலும் இதே ஓரவஞ்சனை உண்டு. முதியோர் அவையில் ஆண் சொல்லும் பழமொழி தொகுக்கப்படுகிறது. கிணற்றடியிலும் சந்தையிலும் பெண்கள் பேசுவது 'வம்பு' எனக் கழிக்கப்படுகிறது. ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டவர், எந்த மணம் முறிந்தது, எந்தச் சடங்கு தவறியது என்னும் ஊரின் நினைவு அப்பேச்சில்தான் வாழ்கிறது. நுவாபா உரையாடலாலேயே நாவலைக் கட்டியது திறமைக் குறைவாலன்று. அந்த நினைவுக்கு வேறு வடிவம் இல்லை.

1970களில் அவர் தாமே 'டானா' பதிப்பகத்தைத் தொடங்கினார், 1993இல் மறைந்தார். 'எஃபுரு'வின் இறுதியில் எழும் தாய்மை பற்றிய வினாவிலிருந்தே புச்சி எமெச்செட்டா 1979இல் தம் புகழ்பெற்ற நாவலுக்குத் தலைப்பு எடுத்தார். பெண்கள் அதனை இலக்கியமாகவே வாசித்தார்கள். அதனைக் குறிப்பேடாக வாசித்தவர்கள் தங்கள் அளவுகோலை இனியேனும் மாற்றிக்கொள்ள வேண்டும்.