அலமாரிக்குள் அடங்காத பாட்டு

கேசட் காலத்திலும், பிறகு சி.டி. காலத்திலும், புதிய பாடகர் ஒருவர் வந்து நின்றால் இசைக் கம்பெனிகளுக்கு ஒரே ஒரு கவலைதான்: இதை எந்த அலமாரியில் வைப்பது? கன்னடமா, இந்தியா, ஆங்கிலமா? பக்தியா, பாப்பா, ராக்கா? ரகு தீட்சித்திடம் இதற்கு விடை இல்லை. அவருடைய பாட்டில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அதனால் எந்த அலமாரியிலும் இடம் கிடைக்கவில்லை. மும்பைக் கம்பெனிகளின் வாசலில் பல ஆண்டுகள் ஏறி இறங்கியும் ஓர் ஆல்பம்கூட வெளிவரவில்லை.

1974இல் நாசிக்கில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர் ரகு. முறையாகப் படித்தது நுண்ணுயிரியல். முறையாகக் கற்ற கலை பரதநாட்டியம். சங்கீதம் இரண்டிலும் சேராது. ஆண்பிள்ளை சலங்கை கட்டலாமா என்று கல்லூரியில் கேலி செய்த நண்பர் ஒருவரின் சவாலுக்காகத்தான் கிட்டாரைத் தொட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சவால் முடிந்தது, கிட்டார் கையிலேயே தங்கிவிட்டது. சலங்கையையும் அவர் கழற்றவில்லை. பின்னாளில் பளபளக்கும் லுங்கியும் காலில் சலங்கையுமாக ராக் மேடையில் குதித்து ஆடுவதே அவரது அடையாளமாயிற்று.

மைசூர் மண்ணுக்கு இரண்டு சங்கீதங்கள் உண்டு. ஒன்று அரண்மனை வளர்த்த கர்நாடக சங்கீதம். மற்றது மலையிலிருந்து இறங்கிய கம்சாளே. மாதேஸ்வரன் மலைச் சாமியின் கதையைப் பாடும் தேவரகுட்டர்கள், கிண்ணம் போன்ற வெண்கலத் தாளத்தை ஒரு கையில் ஏந்தி, கயிற்றில் கட்டிய தட்டைத் தாளத்தை மறு கையால் வீசி அடித்துக்கொண்டே ஆடுவார்கள். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும்வரை அந்த மலையும், அதை ஒட்டி மார்டள்ளி போலத் தமிழர் நிறைந்த ஊர்களும் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தன. சேலம், ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் மாதேஸ்வரன் வேண்டுதல் தெய்வம். ரகு இசையமைத்த முதல் கன்னடப் படமான ‘சைக்கோ’ (2008) பெரிதும் பேசப்பட்டதற்குக் காரணம், அந்த மாதேஸ்வரனைக் கூப்பிட்டுப் பாடிய ஒரு பாட்டு.

ஆனால் சினிமாவுக்கு முன்பே அவருக்கு ஒரு குழு இருந்தது. 1990களின் கடைசியில், வயலின் கலைஞர் எச்.என்.பாஸ்கர் முதலியோருடன் பெங்களூரில் ‘அந்தராக்னி’யைத் தொடங்கினார். பெங்களூரின் ராக் குழுக்கள் அப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடிக்கொண்டிருந்தன. அந்தராக்னி, கிட்டாருக்குப் பக்கத்தில் வயலினை நிறுத்திக் கன்னடத்தில் பாடியது. பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை, குழு கலைந்தது.

2005 வாக்கில் ரகு அடுத்த முடிவுக்கு வந்தார். நிரந்தரக் குழு வேண்டாம். வருகிறவர் வாசிக்கட்டும், போகிறவர் போகட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘தி ரகு தீட்சித் புராஜெக்ட்’. தனிப் பாடகர் என்றும் சொல்லலாம், குழு என்றும் சொல்லலாம். மும்பை கிளப் ஒன்றில் அவர் பாடுவதைக் கேட்ட இசையமைப்பாளர்கள் விஷால் - சேகர், தங்கள் புதிய நிறுவனத்தின் மூலம் அவரது முதல் ஆல்பத்தை 2008இல் வெளியிட்டார்கள். அலமாரிக்காரர்கள் ஒதுக்கிய அதே கலவைதான் அதில் இருந்தது. இந்தியில் ‘மைசூர் ஸே ஆயீ’, ஆங்கிலத்தில் ஒரு காதல் பாட்டு, நடுவே கன்னடத்தில் சிசுநாள ஷரீஃப்.

விஷயமே இந்த ஷரீஃபில்தான் இருக்கிறது. சிசுநாள ஷரீஃப் (1819-1889) வட கர்நாடகத்து முஸ்லிம் கவி. அவருடைய குரு கோவிந்த பட்டர் ஒரு பிராமணர். குணங்குடி மஸ்தான் சாகிபையும் சித்தர் பாடல்களையும் அறிந்த தமிழருக்கு ஷரீஃப் அந்நியர் அல்லர். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பாடுவார். அவர் சொல்வது அறியாமையை. கோழி குரங்கை விழுங்கியது என்பார். கேட்பவர் சிரித்து முடித்துவிட்டு யோசிக்க வேண்டும். 1990இல் டி.எஸ்.நாகாபரணாவின் படத்துக்காக சி.அஸ்வத் மெட்டமைத்தபோது இந்தப் பாடல்கள் கர்நாடகமெங்கும் வீட்டுக்கு வீடு ஒலித்தன. ரகு செய்தது அடுத்த வேலை: ஹூக்காவை வைத்து ஷரீஃப் பாடிய தத்துவத்தை மின்சார கிட்டாரின் தாளத்தில் ஏற்றி, கன்னடம் தெரியாத கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

2010இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் பாடினார். உடனே பிரிட்டனின் ஐடியூன்ஸ் உலக இசைப் பட்டியலில் ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. 2011இல் ‘சாங்லைன்ஸ்’ பத்திரிகையின் சிறந்த புதுமுக விருது. அதே ஆண்டு கிளாஸ்டன்பரி விழா மேடை. மும்பையில் விலைபோகாத கலவை லண்டனில் விலைபோனது.

இந்த வழியில் நடந்த முதல் ஆள் ரகு அல்ல. கல்கத்தாவில் 1970களிலேயே ‘மொஹினேர் கோராகுலி’ குழு பால் பாடகர்களின் மெட்டுகளை கிட்டாரோடு சேர்த்தது. டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’, புல்லே ஷாவைப் பாடிய ரப்பி ஷெர்கில் என்று வரிசை நீளும். ரகுவின் தம்பி வாசு தீட்சித்தும் இதே வரிசையில் நிற்பவர்தான். அவருடைய ‘ஸ்வராத்மா’ குழு 2009இல் முதல் ஆல்பத்தைத் தந்தது. பொய்க்கால் குதிரை கட்டிக்கொண்டு அவர் ராக் மேடையில் ஆடியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அண்ணன் தன் பெயரில் குழு வைத்தார். தம்பி குழுவின் பெயருக்குள் தன்னை வைத்துக்கொண்டார்.

எது நல்லது? குழுவுக்குத் தன் பெயரையே வைப்பதில் ஒரு வசதி உண்டு: ஆட்கள் மாறினாலும் பெயர்ப்பலகை மாறாது. ஆபத்தும் உண்டு: பெயருக்குரியவர் சறுக்கினால் மேடையே சறுக்கும். 2018 அக்டோபரில் ‘மீ டூ’ இயக்கத்தின்போது ரகு தீட்சித் தவறாக நடந்துகொண்டதாகப் பெண்களின் புகார்கள் வெளிவந்தன. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகும் பாடுகிறார். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. ஞானிகளின் வாக்கைப் பாடுகிறவர் ஞானியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கு முதலில் பாடுகிறவரின் காதில்தான் விழுகிறது.

தமிழ் ரசிகர்கள் இதில் யோசிக்க ஒன்று உண்டு. சினிமா என்ற ஒரே ஒரு அலமாரிதான் நம்முடையது. அது மிகப் பெரியது, அழகானது, மற்றதையெல்லாம் விழுங்கிவிடுவது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராக்குடன் மேடையேற்றியபோது திரண்ட கூட்டம், அலமாரிக்கு வெளியேயும் காதுகள் இருக்கின்றன என்று காட்டியது. ஷரீஃப் அளவுக்கு ஆழமான பாட்டு தமிழில் இல்லையா என்ன? சித்தர்கள் இருக்கிறார்கள், மஸ்தான் சாகிபு இருக்கிறார். கிட்டாருக்கும் பஞ்சமில்லை. ‘இதை எங்கே வைப்பது’ என்று கம்பெனி கேட்கும்போது பதில் சொல்லாமல் பாடிக்கொண்டே இருக்கிற பிடிவாதம் ஒன்றுதான் தேவை. ரகு தீட்சித்திடம் மைசூர் கொடுத்த சரக்கில் அதுவும் இருந்தது.