பெற்றோர் பாடும் பின்பாட்டு



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் நாள், ஷிப்டைச் சுற்றியே சுழல்கிறது. தந்தை கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும்போது பிள்ளை உறங்குகிறது. பிள்ளை பள்ளிக்குப் புறப்படும்போது தந்தை உறங்குகிறார். இத்தகைய இல்லத்தில் ஒரு மாலை, “அப்பா, பள்ளி நாடகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்” என்று மகள் வந்து நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? “படிப்பு என்ன ஆவது?” என்றுதானே!

அக்கேள்வியில் நியாயம் உண்டு. காஞ்சி வட்டாரத்தின் கட்டைக்கூத்தில் புகழ்பெற்ற இராஜகோபால் அவர்கள், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையாரின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். விடிய விடிய ஆடும் பிள்ளைக்கு விடிந்தபின் வகுப்பறை ஏது? ஆனால் அவரே, ஹன்னே டி புருயின் அம்மையாருடன் சேர்ந்து, காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார். அங்கே பள்ளிப் பாடமும் கூத்துப் பயிற்சியும் ஒன்றாகவே நடைபெற்றன. ஆடவர் மட்டுமே ஆடிவந்த கலையைச் சிறுமியரும் பயின்றனர். படிப்பா, கலையா என்று பிள்ளையைப் பிரித்து நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கு நம் அண்டை ஊரே சான்று. தமிழக அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் உண்டு.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? முதலில், பிள்ளையை முழுக் கதையையும் நம்மிடம் சொல்லச் சொல்வோம். கதை தெரிந்தால் வசனம் தானே நினைவில் நிற்கும். அடுத்து, எதிரில் நிற்கும் பாத்திரத்தின் வசனத்தை நாம் வாசிப்போம். நடித்துக் காட்ட வேண்டா. தெளிவாக வாசித்தால் போதும். நாம் அழுது காட்டினால் பிள்ளை நம் அழுகையைத்தான் கற்கும். தன் அழுகையை மறந்துவிடும். ல, ள, ழ வேறுபாட்டை மென்மையாகத் திருத்தலாம். கத்திப் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளாமல், அறையின் மறுகோடியில் நாம் நின்று, அங்கு கேட்கும்படி நிதானமாகப் பேசச் செய்யலாம். தேர்வுக்கு முந்திய இரவு ஒத்திகையைக் காட்டிலும் உறக்கமே நல்லது. இரவு ஷிப்டுக்குச் செல்லும் தந்தையும் புறப்படுமுன் கால்மணி நேரம் ஒதுக்கலாம். அக்கால்மணி நேரத்தைப் பிள்ளை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

தேர்வில் பெயர் வராமற்போனால்? அன்று மாலை நாம் பேசும் முதற்சொல்லே முக்கியம். “ஆசிரியர் ஓரவஞ்சனை செய்தார்” என்று நாம் தொடங்கினால், பிள்ளை பகையைக் கற்கும். “நான் அப்போதே சொன்னேனே” என்றால், அடுத்த ஆசையை நம்மிடம் சொல்லாமல் மறைக்கும். அருகில் அமர்ந்து, அழுதால் அழவிட்டு, உணவு பரிமாறி, “நீ முயன்றது எங்களுக்கு மகிழ்ச்சி” என்று சொல்வோம். சில நாள் கழித்து, திரை இழுக்கவும் உடை தைக்கவும் ஆள் வேண்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டுவரத் தூண்டலாம்.

கட்டைக்கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுபவர் ஓர் அடியைப் பாடினால், பின்னே நிற்போர் அதையே ஏந்திப் பாடுவர். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். அவர்கள் முந்திப் பாடுவதில்லை. ஆடுபவரை இடையில் தனியே விட்டுவிடுவதுமில்லை. ஆடுபவருக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைப்பது அவர்களால்தான்.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு நாம் பாட வேண்டியதும் அப்பாட்டே!