அம்பாசடருக்குப் பட்டி பூசும் மகான்களுக்கு...

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய அம்பாசடர் வெச்சிருக்கிற அண்ணன்மாரே, கொஞ்சம் கோபமாவே எழுதுறேன். துரு மேல பட்டியை அப்பி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சா அதுக்குப் பேரு ரிப்பேரா? பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு அடியில தின்னுகிட்டே இருக்கும்.

லாரி மாதிரி அம்பாசடருக்குத் தனி சேஸி கிடையாதுங்க. பாடிதான் பாரம் தாங்குது. கதவுக்குக் கீழே ஓடுற பெட்டித் தகடு அரிச்சா வண்டியே தொங்கிடும். அங்கேயும் பட்டியா, சாமி?

நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டணும். வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளே முட்டுக் கொடுக்கணும், இல்லேன்னா அப்புறம் கதவு சாத்தாது. அதே கனத்துல தகடு வளைச்சு வெல்டு வைக்கணும், உள்பக்கமும் பிரைமர் அடிக்கணும், தண்ணி வடியிற ஓட்டையை அடைக்கக் கூடாது.

"பார்ட்ஸ் வர்றதில்ல தம்பி"ம்பாங்க. 2014ல உத்தர்பாராவுல உற்பத்தி நின்னாச்சு, சரி. அந்தத் தகட்டை வளைக்க உத்தர்பாராவா வரணும்? சிமெண்ட் லாரிக்கு வெல்டு வெச்சே பழகின கைங்க அரியலூர்ல இருக்கு. ஓனருக்குத்தான் மூணு நாள்ல பளபளன்னு வேணும் (கல்யாண ஊர்வலத்துக்காம்!).

பழசு வாங்கப் போறவங்க பாக்கெட்ல ஒரு காந்தம் வெச்சுக்கோங்க. ஒட்டாத இடத்துல இருக்கிறது காரில்ல, பட்டி :-)