அத்திரம்பாக்கத்து மண்ணும் ஒரு கூட்டல் கழித்தல் குறியும்

அண்மையில் திருவள்ளூர்ப் பகுதியில் நடந்த இலக்கிய விழா ஒன்றில், பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் அத்திரம்பாக்கத்தில் கற்கருவி செய்தான் என்று ஒருவர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையில் இருந்த நானும் தட்டினேன். விழா முடிந்ததும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அருகில் வந்தார். "அந்தக் கணக்கை எப்படி ஐயா கண்டுபிடிச்சாங்க? கல்லுல தேதியா போட்டிருக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாமல் கைதட்டியவன் பிறகு படித்ததன் விளைவே இக்கட்டுரை.

சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொற்றலையாற்றை ஒட்டிய ஊர் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் முறையான அகழாய்வை நடத்தினர். 2011இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: மிகப் பழைய கைக்கோடரிகளின் அடுக்கு 10,70,000 ஆண்டுகளுக்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது, சராசரி வயது 15,10,000 ஆண்டுகள், கூட்டல் கழித்தல் 70,000.

இதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, கருவிகள் மண்ணில் புதைந்த பின் அவற்றின் குவார்ட்சில் சிதைந்துகொண்டே வரும் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றின் விகிதம். வயதின் எண்ணைத் தந்தது இதுவே. மற்றொன்று களிமண்ணின் காந்தம். என்னை ஈர்த்தது இந்த இரண்டாவதுதான்.

நீரில் மெல்லப் படியும் வண்டலில் மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. படியும்போது அவை புவியின் காந்தப் புலத்தை நோக்கித் திரும்ப முயல்கின்றன. ஆனால் நீரின் அலைப்பும் பக்கத்துத் துகள்களின் இடிபாடும் அவற்றைக் கலைத்துவிடுகின்றன. ஆகவே தனியொரு துகளின் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. கோடிக்கணக்கான துகள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கச் சாய்வு புலப்படும். புவியின் காந்த முனைகள் கடைசியாகத் தலைகீழாகிச் சுமார் 7,73,000 ஆண்டுகள் ஆகின்றன. அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குகளில் காந்தம் தலைகீழாக இருந்தது. அப்படியானால் அம்மண் அதற்கும் முன்பு படிந்தது.

இந்தச் சாய்வை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வடக்கை 0 பாகையாகக் கொள்வோம். ஒரு மாதிரி 350 பாகையையும் மற்றொன்று 10 பாகையையும் காட்டினால் இரண்டும் ஏறத்தாழ வடக்கையே பார்க்கின்றன. ஆனால் பள்ளியில் படித்தபடி கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வருகிறது. அது தெற்கு! முனை மாறிற்றா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும்போது, சாதாரணச் சராசரி தானே முனையை மாற்றிவிடும்.

இதற்கு வழி கண்டவர் புள்ளியியலறிஞர் ரொனால்டு ஃபிஷர். ஐஸ்லாந்து எரிமலைப் பாறைகளின் காந்தத் திசைகளை முன்வைத்து 1953இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். திசைகளை எண்களாகக் கூட்டாதே, அம்புகளாக ஒன்றன் தலையில் மற்றொன்றைத் தொடுத்துக்கொண்டே போ என்பது அதன் சாரம். பத்து அம்புகளும் ஒரே திசை நோக்கினால் தொடரின் முனை பத்து அம்பு நீளத்துக்கு எட்டிவிடும். சிதறியிருந்தால் புறப்பட்ட இடத்தின் அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 9.8 அம்பு தொலைவு எட்டினால் ஒழுங்கின் அளவு 9 வகுத்தல் 0.2, அதாவது 45. ஐந்துதான் எட்டிற்று என்றால் 9 வகுத்தல் 5, வெறும் 1.8. பின்னதை வைத்து எந்த ஆய்வாளரும் முனையைப் பற்றிப் பேசத் துணியமாட்டார். இவ்வளவும் செய்தபின், உண்மைத் திசை எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதையும் ஒரு கூம்பாக வரைந்து காட்டவேண்டும்.

தமிழ் படித்த நாம் புள்ளியியல் என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உ.வே.சா.வின் உழைப்பு இதற்கு அந்நியமானதா? பாடபேதங்களை அவர் மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் தந்தார். நாமோ 15,10,000 என்பதை எடுத்துக்கொண்டு 70,000ஐ மேடைக்குக் கீழேயே விட்டுவிட்டோம். அந்தப் பிழை எல்லைக்குள் மட்டும் தமிழ் எழுத்தின் வரலாறு முழுவதையும் இருபத்தைந்து முறை அடுக்கிவிடலாம்.

'தமிழன்' என்ற சொல்லோ இன்னும் பெரிய பிழை. இன்றைய மனித இனமே தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. இதைச் சொன்னால் நம் பெருமையைக் குறைப்பதாக நண்பர்கள் கோபிக்கக்கூடும். என் வருத்தம் வேறு: கவனமாக அளந்து, ஐயத்தையும் சேர்த்து எழுதிய உழைப்பு நம் மாவட்டத்து மண்ணில் நடந்திருக்கிறது, அதை முழக்கமாகச் சுருக்கிவிட்டோம்.

அந்த மாணவரை அடுத்த வாரம் சந்தித்து 350, 10 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்போ அந்தக் கருவியைச் செஞ்சது யாரு ஐயா?" என்றார். மனித எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை என்று சொன்னேன். பூண்டி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறோம்.