மண்டை ஓட்டுக்கு மேல் இன்னொரு ஓடு!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டிறைச்சிக் கடையில் நல்ல கூட்டம். "அண்ணே, மூளை ஒண்ணு உடையாம எடுத்துக் குடுங்க" என்கிறார் ஒருவர். கடைக்காரர் மண்டையைப் பிளந்து, பக்குவமாக எடுத்து, இலையில் வைத்துக் கொடுக்கிறார். வாங்கியவர் அதை நசுங்காமல் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார். ஹெல்மெட்டோ பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது!

ஆட்டு மூளைக்குக் கிடைத்த மரியாதை அவருடைய மூளைக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு

அந்த இலையில் இருப்பதைச் சற்று உற்றுப் பாருங்கள். எலி முதல் யானை வரை பாலூட்டிகளின் மூளைக்கெல்லாம் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். மேடும் பள்ளமுமாக, இரண்டு பாதிகளாகத் தெரிவது பெருமூளை. பார்ப்பது, கேட்பது, நினைப்பது எல்லாம் அதன் வேலை. பின்னால் நெருக்கமான வரிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது சிறுமூளை. நடை தள்ளாடாமல் காப்பது அதுவே. அடியில் வெண்மையாக நீண்டு கழுத்தை நோக்கிப் போவது மூளைத் தண்டு. அதன் கடைசிப் பகுதியான முகுளம்தான் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்கிறது.

வேற்றுமைகளும் உண்டு. சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இராது; மேற்புறம் வழவழவென்று இருக்கும். ஆட்டு மூளை ஏறத்தாழ 100 கிராம், மடிப்புகள் தெரியும். மனித மூளை ஏறத்தாழ 1,400 கிராம். மடிப்புகள் மிக அதிகம். பெரிய வேட்டியைச் சின்னப் பெட்டியில் திணித்தால் சுருக்கம் விழும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நம் பெருமூளையின் மேற்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆட்டு மூளையின் முன்நுனியில் இரண்டு மோப்பக் குமிழ்களைக் காணலாம். நமக்கு அவை சிறுத்துப்போய், பெருமூளைக்கு அடியில் மறைந்துவிட்டன. ஆடு நாலு காலில் நிற்பதால் அதன் மூளைத் தண்டு பின்னோக்கிப் போகிறது. நாம் நிமிர்ந்து நிற்பதால் நம்முடையது நேரே கீழே இறங்குகிறது.

மூன்று உறை, ஒரு திரவம்

இத்தனை மென்மையான பொருளை இயற்கை சும்மா விட்டுவிடவில்லை. எலும்புக் கூட்டுக்குள்ளே மூன்று உறைகள். வெளியே இருப்பது தோல்போல் தடித்தது. நடுவில் இருப்பது சிலந்தி வலை போன்றது. உள்ளே இருப்பது மூளையோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே தெளிந்த திரவம் ஓடுகிறது. மூளை அதில் மிதப்பதால் 1,400 கிராம் எடை 50 கிராம் போல ஆகிவிடுகிறது!

நடப்பதற்கும் ஓடுவதற்கும், தடுக்கி விழுவதற்கும்கூட இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் போய் விழுவதற்குப் போதாது.

மோதும்போது நடப்பது என்ன?

தலை தரையில் மோதியதும் மண்டை ஓடு நின்றுவிடுகிறது. உள்ளே மூளை நிற்பதில்லை. பஸ் பிரேக் போட்டதும் நின்றிருப்பவர் முன்னால் சாய்வதுபோல், அது போய் எலும்பில் இடிக்கிறது. சில சமயம் பின்வாங்கி எதிர்ப்புறத்திலும் இடிக்கிறது. மூளையிலிருந்து உறைக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்கள் அறுந்து இரத்தம் கட்டுகிறது; மூளை வீங்குகிறது. எலும்புக் கூடு விரிந்து கொடுக்காது. அதனால் அழுத்தம் மூளையைக் கீழே உள்ள துவாரத்தை நோக்கித் தள்ளுகிறது. அங்கே இருப்பது எது? மூச்சை நடத்தும் முகுளம்! வெளியே பெரிய காயமில்லாமலே உயிர் போவது இப்படித்தான்.

ஒரு மரணம் தந்த பாடம்

முதல் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற 'அரேபியா லாரன்ஸ்' 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆறாம் நாள் உயிர் பிரிந்தது. அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1941-இல் தலைக்கவசத்தின் அவசியம் பற்றி ஆதாரங்களோடு எழுதினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமாக 1973 வரை ஆயிற்று!

தலைக்கவசத்துக்குள் தெர்மாகோல் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. மோதும்போது அது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்வது அதனால்தான். பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த கணக்கின்படி, அது தலைக்காயத்தை 69 சதவிகிதமும் மரணத்தை 42 சதவிகிதமும் குறைக்கிறது.

சட்டம் உண்டு, மனம் உண்டா?

நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசம் அணியச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் கெடுபிடி ஏறியது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது.

பலன்? மத்திய சர்க்காரின் கணக்குப்படி, 2022-இல் நாடெங்கும் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். நாளொன்றுக்கு சராசரியாக 137 வீடுகளில் ஒப்பாரி!

காரணம் வெளிப்படை. ஜனங்கள் ஹெல்மெட்டை மண்டைக்காக அணிவதில்லை, போலீஸ்காரருக்காக அணிகிறார்கள். ஆகவேதான் அவர் நிற்கும் மூலை வந்ததும் தலையில் ஏறுகிறது, தாண்டியதும் கைப்பிடியில் தொங்குகிறது. ஓட்டுகிற கணவருக்கு உண்டு. பின்னால் இருக்கும் மனைவிக்கு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தாடைப் பட்டையையும் யாரும் பார்ப்பதில்லை. பட்டை மாட்டாத கவசம் விழும்போதே கழன்று ஓடிவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது அபராதச் சீட்டு எழுதுவதோடு முடியவில்லை. பட்டை மாட்டியிருக்கிறதா, பின்னால் இருப்பவர் தலை மூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மூளைப் பாடம் நடத்தும் ஆசிரியர், கையில் ஒரு ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு நடத்தினால் இன்னும் நல்லது.

மற்றது நம் பொறுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மூளை வாங்கும்போது, அதைத் தொட்டுப் பாருங்கள். விரல் பட்டாலே குழிகிறது அல்லவா? நம்முடையதும் அவ்வளவு மென்மையானதுதான்!