விடுமுறைப் பயணமும் எமது பிள்ளைகளும்

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் முதற் சனிக்கிழமையன்று, "எங்கே சென்று வந்தீர்கள்?" என்று மாணவர்களிடம் கேட்பது எமது வழக்கம். பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். விடைகள் பெரிதும் மாறுவதில்லை. இலண்டனில் மாமாவின் மகளுக்குச் சாமத்திய வீடு. சுவிஸில் பெரியப்பா வீடு. பாரிஸில் சித்தி வீடும் லாச்சப்பல் சேலைக்கடைகளும். "பாரிஸில் வேறு எதைப் பார்த்தாய்?" என்று வினவினால், "ஈபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்து பார்த்தோம் சேர்" என்று விடை வருகிறது.

உற்றார் உறவினரைத் தேடிச் செல்வதை நாம் குறைகூறவில்லை. சிதறிப்போன இனத்துக்கு அது மூச்சுப் போன்றது. ஆயினும், ஐரோப்பாவின் நடுவே வாழ்ந்துகொண்டு, ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு மட்டுமே எமது பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் சங்கடப்படுகிறது.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. எம்மிற் பலருக்குப் பயணம் என்ற சொல்லே கசந்த சொல். முகவருக்குக் காசு கட்டி, எந்த நாட்டின் ஊடாக வருகிறோம் என்பதுகூடத் தெரியாமல், சாளரமற்ற வாகனங்களில் இரவுகளைக் கழித்து வந்தவர்கள் நாம். பார்த்து மகிழ்வதற்காகவே ஓர் ஊருக்குச் செல்வது வீண் செலவு என்ற எண்ணம் எமக்குள் ஊறிவிட்டது. செல்வந்தர்களோ வேறொரு பிழை விடுகிறார்கள். ஏழு நாளில் ஒன்பது நகரம் என்று சொகுசுப் பேருந்தில் ஏறி, இறங்குமிடமெல்லாம் படம் எடுத்து, எந்தப் படம் எந்த ஊர் என்று பின்னர் வீட்டில் வாக்குவாதப்படுகிறார்கள்.

எமது கருத்து இதுதான். ஆண்டுக்கு ஒரு தடவையேனும், இரண்டு மூன்று நாட்களுக்கு, ஒரேயொரு நகரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். செல்வதற்கு முன்னர் அந்த நகரத்திடம் கேட்பதற்கு உங்களுக்கெனச் சொந்தமான ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள். கேள்வி இல்லாமற் சென்றால் எல்லா நகரமும் கல்லும் கடையும்தான்.

2023ஆம் ஆண்டு இலையுதிர்கால விடுமுறையில் எமது பாடசாலையைச் சேர்ந்த மூன்று குடும்பத்தினர், பதினொரு பேர், இந்த எண்ணத்துடன் லிஸ்பன் நகருக்குச் சென்று வந்தோம். முதலில் இதைப் பெற்றோர் கூட்டத்திற் கூறியபோது ஒரு தந்தையார் எழுந்து, "எங்கட கோயிலை இடிச்சவன்ர ஊருக்குக் காசு குடுத்துப் போகவேணுமோ மாஸ்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசரிடம் வீழ்ந்ததும், இறுதி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டதும், 1621இல் நல்லூர்க் கந்தன் ஆலயம் இடிக்கப்பட்டதும் ஊரில் நாமே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவை. ஆனால் யாரிடம் தோற்றோம், அவர்கள் எதற்காக வந்தார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பதை அவர்கள் முற்றத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அன்று எமக்கும் இருக்கவில்லை, எமது ஆசிரியர்களுக்கும் இருக்கவில்லை. எமது பிள்ளைகளுக்கு மூன்று மணி நேர விமானப் பயணத்தில் அது கிடைக்கிறது. அந்தத் தந்தையார் கடைசியில் தாமும் வந்தார்.

எமது கேள்வி மிகச் சிறியது. நாம் வீட்டில் பேசும் தமிழில் லிஸ்பனிலிருந்து வந்த சொற்கள் எத்தனை? புறப்படுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன்னரே, ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடியப் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொற்களைச் சேர்த்தோம். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, விறாந்தை, குசினி, தாச்சி, கோப்பை, துவாய், சப்பாத்து, லேஞ்சி, பாண், அன்னாசி. இங்கு பிறந்த பிள்ளைகள் சிலவற்றைக் கேள்விப்பட்டதேயில்லை. அதிகமான சொற்களைத் தந்தவள், ஊரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு மாணவி. அவளது குடும்பத்தின் வழக்கு இன்னமும் முடிவாகாதிருந்தமையால் நாட்டெல்லையைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. அகதிகளுக்குரிய நீல நிறப் பயணப் பத்திரம் எம்மிற் சிலரிடம் இருந்தது. அவர்களிடம் அதுவும் இல்லை. அவள் சேர்த்த சொற்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, அவளை விட்டுவிட்டே சென்றோம். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

ஞாயிறு காலை சென்று செவ்வாய் இரவு திரும்பினோம். முதல் நாளை அல்பாமா என்ற பழைய பகுதிக்கு ஒதுக்கினோம். 1147 வரை லிஸ்பன் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது; அல்பாமா என்ற பெயரே அரபு மொழியின் மிச்சம். குறுகிய படிகளில் ஏறி இறங்கினால் கால்வலி நிச்சயம்; குதியுயர்ந்த சப்பாத்துடன் வந்த ஒரு தாயார் மதியத்துக்கு முன்னரே கடையொன்றில் வேறு சப்பாத்து வாங்க நேர்ந்தது. ('சப்பாத்து' என்ற சொல்லைச் சரிபார்க்க அது உதவியது. அவர்கள் 'சபாத்து' என்கிறார்கள்.) பேராலயத்துக்கு அருகே அந்தோனியார் ஆலயம் ஒன்று நிற்கிறது. பாசையூரிலும் கச்சதீவிலும் நாம் கும்பிடும் அதே அந்தோனியார்தான். பதுவை அந்தோனியார் என்று அழைக்கிறோமேயன்றி, அவர் பிறந்த ஊர் லிஸ்பன். பிறந்த இடம் என நம்பப்படும் இடத்திலேயே அந்த ஆலயம் இருக்கிறது. எம்முடன் வந்த சைவக் குடும்பத்துப் பாட்டியாரும் மெழுகுதிரி கொளுத்தினார்.

மேலே சென் ஜோர்ஜ் கோட்டை. அதன் கோபுரம் ஒன்றிலேதான் 14ஆம் நூற்றாண்டிலிருந்து அரசாங்கத்தின் ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தன. பதிவேட்டை அவர்கள் 'தொம்பு' என்பர். ஆகவே அக்கோபுரம் 'தொர்ரே தொ தொம்பு', அதாவது பதிவேட்டுக் கோபுரம். 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கோபுரம் விழுந்தபோதும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றும் அப்பெயரே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்று சொல்லும் முதியோரை நாம் அறிவோம். அச்சொல்லின் பிறப்பிடத்தில் நிற்கிறோம் என்றபோது, பிள்ளைகளைவிடப் பெற்றோரே வாயடைத்து நின்றனர். காணியை இழந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

இரண்டாம் நாள் ஒரு தவறு செய்தோம். பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் பார்க்கப் போனால் கதவு பூட்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை. ஐரோப்பாவில் அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமையில் மூடப்பட்டிருக்கும் என்பது ஆசிரியராகிய எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டமிடுதலைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த நாம் இதை மறைப்பது முறையன்று.

பிள்ளைகள் வருந்தவில்லை. மடாலயத்துக்கு அண்மையில் 1837 முதல் இயங்கிவரும் பலகாரக் கடையொன்று உண்டு. மடாலயத்துத் துறவிகளின் செய்முறைப்படி முட்டை மஞ்சட்கருவும் பாலும் சீனியும் சேர்த்து, மொறுமொறுப்பான மாக்கிண்ணத்தில் சுட்டுத் தருகிறார்கள். மேலே தூவிக்கொள்ளக் கறுவாத்தூள் மேசையிலேயே இருக்கிறது. அந்தக் கறுவாத்தூளை முன்னே வைத்து நாம் ஒரு பாடமே நடத்திவிட்டோம். இலங்கையை விட்டுப் போக அவர்களுக்கு மனமில்லாமற் போனமைக்கு முதற் காரணம் இந்தப் பட்டைதான். தென்மேற்குக் கரையின் கறுவா, மன்னாரின் முத்து, வன்னியின் யானை. பதிலுக்கு எமக்கு வந்தவையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் கப்பலேற்றி வந்த செடிகளுள் ஒன்று மிளகாய். மிளகைப் போல் உறைக்கும் காய் என்று எமது முன்னோர் அதற்குப் பெயர் வைத்தனர். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்துக் குழம்பு மிளகினால் மட்டுமே உறைத்தது என்றதும் ஒரு மாணவன், "அப்ப மிளகாய்த்தூள் எங்கட இல்லையா சேர்?" என்று ஏறக்குறைய அழுதுவிட்டான்.

உணவைப் பற்றி இங்கே ஒன்று கூறவேண்டும். எமது தாய்மார் பயணம் என்றால் இடியப்பமும் சம்பலும் கட்டுவார்கள். முதல் நாள் இரவுக்கு அது நல்லது, பிள்ளைகள் களைத்திருப்பார்கள். மற்ற நாட்களில் அந்த ஊரவர் மதியம் உண்ணும் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் உண்ணுங்கள். 'அன்றைய உணவு' என்று ஒன்றைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். செலவு குறைவு, உணவும் புதிது. அவர்களுடைய பக்கல்யாவு எமது கருவாட்டின் உறவு. பனிக்கடல்களிற் பிடித்த மீனை உப்பிட்டு உலர்த்தி, ஊறவைத்து உப்பைக் கழித்த பின்னரே சமைக்கிறார்கள். சைவ உணவினர் கவனிக்க: கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட பச்சைச் சூப்பில் இறைச்சித் துண்டுகளும் மிதக்கலாம், கேட்டு வாங்குங்கள். காலையில் வெதுப்பகத்துக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பினோம். ஒரு சிறுவன் துணிந்து "பாண்" என்றான். கடைக்காரப் பெண்மணி அவன் கைகாட்டும் முன்னரே பாணை எடுத்து வைத்தார். அவர்கள் மூக்கால் 'பௌங்' என்கிறார்கள். அவன் அன்று முழுவதும் தலைநிமிர்ந்து நடந்தான்.

பெலேமில் ஆற்றங்கரையில், கப்பலின் முன்பகுதி போன்று 1960இல் எழுப்பப்பட்ட பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது. கடலோடிகளும் அரசர்களும் துறவிகளும் வரிசையாக நிற்கிறார்கள். கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் என்று பெயர். "அவர்கள் வரும்வரைக்கும் எங்களுக்கு எங்களைத் தெரியாதா?" என்று பத்து வயதுச் சிறுமி கேட்டாள். நாம் வகுப்பில் பல வாரங்கள் பேசியும் சொல்லாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள்.

அந்த வரிசையில் பிரான்சிஸ் சவேரியாரும் உண்டு. எம்முடன் வந்த குடும்பங்களுள் ஒன்று மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். இன்னொன்று நல்லூர்ச் சைவக் குடும்பம். சவேரியாரின் காலத்தில், 1544இல், மன்னாரில் மதம் மாறிய தமிழர் நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தவன் யாழ்ப்பாணத்து அரசனாகிய முதலாம் சங்கிலி. நல்லூர்க் கோயிலை இடிப்பித்தவன் போர்த்துக்கீசத் தளபதி ஒலிவேறா. இரண்டையும் அந்த இடத்திலேயே, இரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகச் சொன்னோம். முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் சொல்லும் பழக்கம் எம்மிடம் இருக்கிறது. ஊரில் கற்பித்த காலத்தில் நாமும் அப்படித்தான் செய்தோம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்க்க ஓடிவிட்டார்கள். பெரியவர்களே சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றோம்.

மாலையில் கார்மோ ஆலயம். 1755 நவம்பர் 1ஆம் நாள், சகல புனிதர் திருநாளன்று, நிலம் நடுங்கிக் கடல் பொங்கித் தீயும் பரவி நகரம் அழிந்தது. கீழ்நகரத்தை நேர்த் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். இந்த ஆலயத்துக்கு மட்டும் கூரை போடவேயில்லை. வளைவுகள் மட்டும் வானத்தின் கீழ் நிற்கின்றன. கோயில் இடித்தவன் ஊர் என்று கூட்டத்தில் எழுந்த தந்தையார் அங்கே நெடுநேரம் நின்றார். "எங்கட வீடும் இப்பிடித்தான் நிக்குது மாஸ்டர்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, கடைகளுக்கென ஒதுக்கிய நேரத்தைப் பறித்து மீண்டும் பெலேம் சென்றோம். சில தாய்மாரின் கோபத்துக்கு ஆளானோம். சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறோம். கிழக்கிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்த வணிகப் பொருட்களின் மீதான வரியில் எழுந்தது அந்த மடாலயம். கல்லிலே கயிறும் கடற்கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. எங்கள் முத்தும் மிளகும் இந்தத் தூண்களில் எத்தனை அங்குலம் என்று ஒரு மாணவன் கணக்குக் கேட்டான்.

இந்நகரத்தில் 1554ஆம் ஆண்டிலேயே தமிழ் அச்சேறியது என்பது பெற்றோர் பலருக்குப் புதிய செய்தி. கிறித்தவ மன்றாட்டுகள் அடங்கிய அச்சிறு நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டன. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578இற்றான் வெளிவந்தது. லிஸ்பன் நூலை நேரிற் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதும் எமது மாணவர்களுக்கு 470 ஆண்டு மூத்த அண்ணன் அந்நூல் என்று சொல்லி, அன்று முதல் அவர்களைக் கண்டிக்கும் உரிமையைப் பாதி இழந்தோம்.

திரும்பி வந்த சனிக்கிழமை, பிள்ளைகள் கொப்பியைத் திறந்து, காதாற் கேட்டும் கடைப்பலகைகளிற் படித்தும் உறுதி செய்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். மொத்தம் நாற்பது. வராதிருந்த மாணவிக்கு ஒரு பெட்டிப் பலகாரம் கொண்டு வந்திருந்தோம். அவள் அதைத் திறக்காமல் மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடிந்ததும், "அலவாங்கை விட்டிட்டீங்களே சேர்" என்றாள். அகராதியை எடுத்துப் பார்த்தோம். நெம்புகோலுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'அலவங்க'. கரும்பலகையில் 41ஆவது சொல்லாக அவளே அதை எழுதினாள்.