வில்லுத்தகடு கூட்டினால் வண்டிக்குப் பலம் கூடுமா?

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எமது மக்களைச் சுமந்தவை பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளே. அவற்றுள் மொறிஸ் மைனர் பிக்கப்பை இன்றும் வெங்காய மூடைகளோடு சந்தைக்குப் போகும் வழியில் காணலாம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதும், புதிய வண்டியின் விலை இடம்பெயர்ந்து வாழும் கமக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. எனவே, இருக்கும் வண்டியைப் பலப்படுத்துவோம் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் எமக்கு வேறு கருத்து உண்டு.

வண்டியின் பின்பக்கம் பதிந்துவிட்டால், "இரண்டு தகடு கூட்டிவிடுங்கள்" என்பதே வழக்கமான ஆலோசனை. நாமும் சங்கத்தின் பிக்கப்புக்கு அப்படிச் செய்தோம். வண்டி நிமிர்ந்தது, மூடைகளும் கூடின. சில மாதங்களில் பின்சக்கரத்துப் பெயரிங் எரிந்து, வெங்காயத்தோடு நடுவழியில் நின்றோம். பிழை எம்முடையதே.

வில்லு வண்டியின் உயரத்தைத்தான் தாங்கும். அச்சு, பெயரிங், பிறேக், ரயர் ஆகியவை பழையபடிதானே இருக்கின்றன? மொறிஸ் மைனர் பிக்கப் ஆரம்பத்தில் 5 அந்தர் சுமைக்கென்றே செய்யப்பட்டது. 8 அந்தர் வகை 1968இல்தான் வந்தது. ஓர் அந்தர் ஏறக்குறைய 51 கிலோ. ஆகவே முந்திய வண்டியில் 50 கிலோ மூடை ஐந்துக்கு மேல் ஏற்றுவது அதன் கணக்கை மீறுவதாகும். மேலும், தகடு கூடிய வண்டி வெறுமையாக ஓடும்போது துள்ளும். சக்கரம் நிலத்தை விட்டெழும்ப, பிறேக் பிடிக்காது. நோயாளியையோ கர்ப்பிணித் தாயையோ ஏற்றிச் செல்வதும் இதே வண்டியில்தான் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் முதலில் செய்யவேண்டியது என்ன? கிறீஸ் அடிப்பது. இந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்குவது மரைவெட்டிய ஒரு மூட்டு. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் மூட்டுக் கழன்று, ஓடும் வண்டியின் சக்கரம் மடிந்து விழும். ஒரு தேக்கரண்டி கிறீஸ் ஓர் உயிரைக் காக்கும் இடம் அது.

அடுத்தது பின்வில்லு. உடைந்த தகட்டை மாற்றுங்கள். நசிந்த றப்பர் புஸ்களையும் யூ போல்ட்டுகளையும் புதிதாக்குங்கள். பதிந்த தகட்டை உலையில் காய்ச்சி வளைத்தால் மட்டும் போதாது. உரிய முறையில் பதம் ஏற்றாவிட்டால் அது விரைவில் மீண்டும் பதியும். இருபக்கமும் ஒரே அளவாக இருப்பதும் அவசியம்.

மூன்றாவது சொக் அப்சோபர். அது சுமை தாங்குவதில்லை. துள்ளலை அடக்குவதே அதன் வேலை. வண்டியின் மூலையை அமத்தி விடுங்கள். பலமுறை ஆடினால் அது பழுதாகிவிட்டது. மொறிஸ் மைனரில் இருப்பது கைபோன்ற நெம்புகோல் கொண்ட பழைய வகை. அதற்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பலர் பார்ப்பதே இல்லை. உரிய எண்ணெய் விட்டும் ஒழுகினால், குழாய் வடிவச் சொக் அப்சோபருக்கு மாற்றலாம். அது நல்ல முன்னேற்றமே. ஆனால் அதைப் பூட்டும் இடத்து இரும்பு கறள் பிடித்திருந்தால் செலவு வீண்.

இவை எல்லாம் செய்தபின்னும் ஐந்து மூடை ஐந்து மூடைதான். அதைத் தாண்டினால் இரண்டாவது பயணம் வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு உண்டு. முதல் பயணத்தில் யாருடைய மூடை விடுபடும்? பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாது, குத்தகைக்குச் செய்கின்ற, குரல் உயர்த்தத் தெரியாத குடும்பத்தின் மூடையே. எனவே இரண்டாம் பயணச் செலவைச் சங்கம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவது என்பது நாம் ஞாயிறுகளில் பேசுவதோடு முடிகிற காரியமல்ல.

வண்டியின் சுமை அளவைக் கதவில் எழுதிவையுங்கள். அதற்குமேல் ஏற்ற மறுக்கும் உரிமையைச் சாரதிக்குக் கொடுங்கள்; கூடுதலாக ஏற்றச் சொல்பவர் பங்குச் சுவாமியாராக இருந்தாலும் சரி.